இதயத்திற்கு வழி கண்டவர்

சென்னை மாநகரின் வடகோடியில், திருவொற்றியூரை ஒட்டி, விம்கோ நகர் என்னும் பகுதி உள்ளது. தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றினால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. அதன் வடக்கே எண்ணூர் வரையிலும் தெற்கே இராயபுரம் வரையிலும் ஆலைகளும் துறைமுகத் தொழில்களும் பெருகியுள்ளன. அங்குள்ள தொழிலாளி ஒருவர் பெருங்காயமுற்று, இரத்த அழுத்தம் வீழ்ந்து, நினைவிழந்த நிலையில் ஸ்டான்லி மருத்துவமனை போன்ற ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள சிறு இரத்தக்குழாய்கள் சுருங்கிவிட்டன. ஊசி ஏற இடமில்லை. மருத்துவர் அவருடைய கழுத்தின்மேல் சிறு கருவியொன்றை வைத்து, அருகிலுள்ள திரையை நோக்குகிறார். தோலுக்கு அடியில் உள்ள பெரிய சிரை திரையில் கருவட்டமாகத் தெரிகிறது. அதனுள் மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி, இதயத்தின் வாயில் வரையில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அக்குழலின் வழியே மருந்து உடனே உடலெங்கும் பரவுகிறது.

இதயத்தின் அருகே குழலைக் கொண்டுசெல்லலாம் என்ற எண்ணமே ஒரு காலத்தில் மருத்துவர்களை நடுங்கச் செய்தது. அவ்வச்சத்தைத் தம் உடலையே பணயமாக வைத்து நீக்கியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானியர்.

ஃபோர்ஸ்மன் 1904 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29 ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர்; முதல் உலகப் போரில் உயிர் நீத்தார். தாயாருக்கு இவர் ஒரே மகன். பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1929 இல் எபர்ஸ்வால்டு என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பழகச் சேர்ந்தார்.

அந்நாளில், இதயம் நின்றுவிடும் நிலையிலுள்ள நோயாளிக்கு, மார்பின் வழியாக நீண்ட ஊசியை நேரே இதயத்துள் குத்தி மருந்து செலுத்துவர். ஊசி நுரையீரலையோ, இதயத்தைச் சூழ்ந்த இரத்தக்குழாய்களையோ கிழித்துவிடுவதும் உண்டு. இதனினும் நல்ல வழி இல்லையோ என்று ஃபோர்ஸ்மன் எண்ணினார். பிரெஞ்சு அறிஞர் சிலர் குதிரையின் கழுத்துச் சிரை வழியே குழலைச் செலுத்தி இதயத்தின் அழுத்தத்தை அளந்ததைக் காட்டும் பழைய படம் ஒன்று அவர் நினைவில் நின்றது. சிரைகள் யாவும் இரத்தத்தை இதயத்திற்கே கொண்டு செல்கின்றன. ஆற்றில் இட்ட மரக்கலம் நீரோட்டத்தோடு கடலை அடைவதுபோல, கைச்சிரையில் புகுத்திய குழலும் இதயத்தை அடைய வேண்டுமன்றோ?

மருத்துவமனைத் தலைவரான ஷ்னைடர் இதற்கு இசையவில்லை. நோயாளியிடமும் செய்யலாகாது, தம்மிடமும் செய்துகொள்ளலாகாது எனத் தடுத்துவிட்டார். அவர் மறுத்தது தவறென்று கூறிவிட முடியாது. இதயத்தைக் குழல் தொட்ட அளவில் அதன் துடிப்புத் தடுமாறி உயிர் போய்விடும் என்றே அக்காலத்தவர் நம்பினர். அவ்வாறு நேராது என்பதற்குச் சான்று எதுவும் அதுவரை இல்லை.

ஃபோர்ஸ்மன் அத்தடையை மீறினார். கருவிகள் யாவும் கெர்டா டிட்சன் என்னும் செவிலியின் பொறுப்பில் இருந்தன. அவரிடம் தம் எண்ணத்தைப் பலமுறை எடுத்துரைத்தார். அந்த அம்மையாரோ, சோதனையைத் தம் உடலிலேயே செய்யுமாறு வேண்டினார். ஃபோர்ஸ்மன் உடன்படுவதுபோல் காட்டி, அவரை அறுவை மேசையில் படுக்கவைத்துக் கைகால்களைக் கட்டிவிட்டு, மறைவாகத் தம் இடக்கை முழங்கை மடிப்பை மரத்துப்போகச் செய்து, தோலைக் கீறிச் சிரையைத் திறந்தார். சிறுநீர்க்குழாய்ச் சோதனைக்கு உரிய மெல்லிய குழலை அதனுள் செலுத்தினார். செவிலி உண்மையை உணர்ந்தபோது குழல் தோளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது! நம்பி வந்த ஒருவரை இவ்வாறு ஏமாற்றியது பாராட்டத்தக்கதன்று. எனினும் அபாயத்தை அவர்மீது சுமத்தாமல் தாமே ஏற்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

குழலை உள்ளே செலுத்தியதோடு அவர் நின்றிருந்தால், அச்செயல் வெறும் துணிச்சலாகவே முடிந்திருக்கும். குழல் எங்கே சென்றது, எவ்விடத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். செவிலியின் கட்டுகளை அவிழ்த்து, அவரைத் துணைக்கொண்டு, கையில் தொங்கும் குழலோடு படிகளில் இறங்கி எக்ஸ் கதிர் அறைக்கு நடந்தார்.

1895 இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் உடலை ஊடுருவிச் சென்று, எதிரேயுள்ள ஒளிர்திரையில் உள்ளுறுப்புகளின் நிழலை வீழ்த்துவன. திரையின் பின்னே நிற்பவருக்குத் தம் நிழல் தெரியாது. ஆதலால் செவிலி ஒரு கண்ணாடியை எதிரே பிடிக்க, ஃபோர்ஸ்மன் அதில் தம் மார்பின் நிழலைக் கண்டார். குழலின் முனை இன்னும் இதயத்தை எட்டவில்லை. அப்போது உடன் பணியாற்றிய ரோமைஸ் என்னும் மருத்துவர் ஓடிவந்து, நண்பரைக் காப்பதாக எண்ணிக் குழலைப் பறிக்க முயன்றார். அவரை உதைத்து விலக்க வேண்டியதாயிற்று! பின்பு கண்ணாடியை நோக்கியவாறே குழலை மேலும் செலுத்தினார். 65 சென்டிமீட்டர் உள்ளே சென்றதும், முனை இதயத்தின் வலப்பகுதியில் நிற்பது தெரிந்தது. இதயம் நிற்கவில்லை, வலியும் தோன்றவில்லை. உடனே படம் எடுக்கப்பட்டது.

தலைவர் ஷ்னைடர் சினந்தார். ஆனால் படத்தைக் கண்டதும் மனம் மாறினார். இறக்கும் தறுவாயில் இருந்த பெண்மணி ஒருவருக்கு அம்முறையில் மருந்து செலுத்தவும் இசைந்தார். அந்நோயாளி சிறிது தேறிப் பின்னர் உயிர் நீத்தார். அதனையும் மறையாது, ஃபோர்ஸ்மன் தம் கட்டுரையை 1929 நவம்பரில் வெளியிட்டார்.

கட்டுரை வெளிவந்ததும் எதிர்ப்பு எழுந்தது. 1912 ஆம் ஆண்டிலேயே தாமும் தம் தோழர்களும் சிரைவழியே நெடுங்குழலைச் செலுத்தியதுண்டு என்று உங்கர் என்னும் பெர்லின் மருத்துவர் உரிமை கோரினார். அது பொய்யன்று. ஆயினும் அக்குழல் இதயத்தை அடைந்தது என்று காட்ட அவர்களிடம் எக்ஸ் கதிர்ப் படம் இல்லை. ஃபோர்ஸ்மன் கையில் படம் இருந்தது. முதன்மை அவருக்கு உரியதானது அதனாலேதான்.

இருப்பினும் பெர்லினின் புகழ்மிக்க சாரிட்டே மருத்துவமனையில் அவரால் நிலைத்திருக்க இயலவில்லை. பெருமருத்துவர் சவர்புருக் அவரது ஆய்வை மதியாது வெளியேற்றினார். ஃபோர்ஸ்மன் தளரவில்லை. எக்ஸ் கதிரில் நன்கு தெரியும் மருந்தை நாய்களின் இதயத்துள் செலுத்திப் படம் எடுத்தார். தம் இதயத்துள்ளும் அம்மருந்தைச் செலுத்திக்கொண்டார். இவ்வாறு தம் உடலில் ஒன்பது முறை குழல் செலுத்திக்கொண்டார் என்பர். (எக்ஸ் கதிரின் சிறப்பு அக்காலத்தில் நம் நாட்டிலும் உணரப்பட்டிருந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934 இல் திறக்கப்பட்டது.) முடிவில் அவர் இதய ஆய்வைக் கைவிட்டுச் சிறுநீரக மருத்துவத்திற்கு மாறினார்.

1932 இல் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்து, அதன் வீழ்ச்சி வரை உறுப்பினராகவே இருந்தார். தம் உயிரைப் பொருட்படுத்தாத துணிவு படைத்தவர் கொடுங்கோன்மையை எதிர்க்கத் துணியவில்லை. இதனை விடுத்து அவர் வரலாற்றைச் சொல்லுதல் நேர்மையாகாது. போரில் படை மருத்துவராயிருந்து சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின் மரம் வெட்டியும், மருத்துவரான தம் மனைவியோடு நாட்டுப்புறத்தில் பணிபுரிந்தும் காலம் கழித்தார்.

இதற்கிடையே, அவர் கைவிட்ட வேலையை நியூயார்க் நகரில் கூர்னாண்டு, ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர் தொடர்ந்தனர். எக்ஸ் கதிர்த் திரையை நோக்கியபடி நோயாளிகளின் இதயத்துள் குழல் செலுத்தி, அழுத்தத்தையும் இரத்த ஓட்டத்தையும் அளந்தனர். 1956 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவ்விருவருடன் ஃபோர்ஸ்மனுக்கும் அளிக்கப்பட்டது. அப்போது அவர் பாட் குரோய்ட்ஸ்னாக் என்னும் ஊரில் அதிகம் அறியப்படாத மருத்துவராக இருந்தார். 1979 ஜூன் முதல் நாளில் இதய நோயால் மறைந்தார்.

அவர் கீறித் திறந்த சிரையை இன்று கீற வேண்டுவதில்லை. சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953 இல் ஓர் எளிய வழி வகுத்தார்: ஊசியால் குத்தி, அதன் துளை வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஊசியை உருவிவிட்டுக் கம்பியின்மேல் குழலை ஏற்றுவது அது. ஆனால் கழுத்தில் பெரிய சிரையை ஒட்டியே மூளைக்குச் செல்லும் தமனி ஓடுகிறது. சற்றுக் கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது. மேலுள்ள எலும்பையும் தசையையும் மட்டுமே அடையாளமாகக் கொண்டு ஊசி குத்தும்போது தவறு நேர்வதுண்டு. மீயொலிக் கருவி வந்தபின் அவ்வபாயம் வெகுவாகக் குறைந்தது. மருத்துவர் கருவியால் மெல்ல அழுத்துவார். சிரை நசுங்கும், தமனி நசுங்காது துடிக்கும். எது எதுவெனத் தெளிந்தபின், ஊசி புகுவதையும் கம்பி உள்ளே கிடப்பதையும் திரையில் காண்பார். குழலின் முனை இதயத்திற்குச் சற்று மேலேயுள்ள பெருஞ்சிரையில் நிற்கிறதா, நுரையீரல் ஊறின்றி உள்ளதா என்பதை அறிய இறுதியில் மார்பு எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பது வழக்கம். புற்றுநோய்க்கு நெடுநாள் மருந்து பெறுவோர் பலருக்கு அக்குழலைக் கழுத்தில் இடாமல், முழங்கைக்குச் சற்று மேலே கைச்சிரை வழியாகவே செலுத்துகின்றனர். அங்கிருந்து அது தோளைக் கடந்து இதயத்தின் வாயிலை அடைகிறது.