ராஜத்துவேஷம் என்ற சொல்லும் வத்தலக்குண்டு சிவாவும்

திண்டுக்கல் சமவெளியின் மேற்கோரத்தில், கொடைக்கானல் மலைக்குச் செல்லும் பாதையில் வத்தலக்குண்டு இருக்கிறது. கமலாம்பாள் சரித்திரம் இயற்றிய ராஜமையர் பிறந்த ஊர் என்று இலக்கிய அன்பர்கள் அதனைக் கொண்டாடுவர். தேசபக்தர்களுக்கோ அது சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். அவ்வூர் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், 1884-ஆம் வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி அவர் அங்கே பிறந்தார். அவர் எதற்காகச் சிறை சென்றார் என்று நம் வாலிபர்களைக் கேட்டால், ராஜத்துவேஷக் குற்றத்திற்காக என்று பதில் வருகிறது. அந்தப் பதிலிலுள்ள சொற்கள் சிவாவினுடையவை அல்ல, அவரைச் சிறையிலிட்டவர்களுடையவை. இதனை உத்தேசித்தே அவருடைய சரித்திரத்தை இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

இளமைக் காலத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. வறுமை, மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் கல்வி, தமக்கிட்ட பெயரோடு சிவா என்ற பெயரையும் சேர்த்துக்கொண்ட துறவு மனப்பான்மை. திருவனந்தபுரத்தில் வாலிபர்களைக் கூட்டித் தேசபக்திப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். சமஸ்தான அதிகாரிகள் அவரை வெளியேற்றினர். ஊர் ஊராய் நடந்து பேசிக்கொண்டே வந்து, 1908-ஆம் வருஷத் தொடக்கத்தில் தூத்துக்குடியை அடைந்தார். ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை அவரைத் தம் இல்லத்தில் ஏற்று உணவளித்து ஆதரித்தார்.

அங்கே நிகழ்ந்தவற்றைச் சற்று நிதானமாகக் காண வேண்டும். பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினர். சிவாவும் பிள்ளையும் கடற்கரையில் கூடிய பெருந்திரளுக்குத் தமிழில் பேசினர். ஆங்கிலங் கற்ற சிலரே விண்ணப்ப நடையில் அரசியல் பேசிவந்த நாட்டில், கூலி உயர்வையும் ஸ்வராஜ்யத்தையும் ஒரே மூச்சில், தொழிலாளிக்கு விளங்கும் பாஷையில் பேசியதுதான் அதிகார வர்க்கத்திற்குப் பொறுக்கவில்லை என்பது நம் துணிபு. மார்ச் 12-ஆம் தேதி இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் பொங்கி எழுந்தனர். துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் இது திருநெல்வேலிக் கலகம். கலகம் என்றவுடன் குற்றம் ஜனங்கள் தலையில் ஏறிவிடுகிறது. சுட்டவன் சமாதானம் காத்தவனாகிறான். எழுச்சி என்று நம்மவர் சொல்லப் பழகியது பிற்காலத்தில்.

வழக்கு இந்தியன் பீனல் கோடு 124-ஏ பிரிவின்படி நடந்தது. 1870-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. 1897-இல் திலகர் மீது நடந்த வழக்கில் நீதிபதி ஸ்ட்ராச்சி, சர்க்காரிடம் பிரியம் இல்லாமையே அப்பிரியம் என்று வியாக்கியானம் செய்தார். மறு வருஷம் சட்டத்தையே திருத்தி, வெறுப்பு, அவமதிப்பு என்ற சொற்களையும் சேர்த்துக்கொண்டனர். அத்திருத்தத்தில் மகாராணியின் பெயரோடு, சட்டப்படி ஏற்பட்ட சர்க்காரும் சொல்லப்பட்டிருந்தது. தமிழில் ராஜத்துவேஷம் என்று வழங்கியபோது சர்க்கார் மறைந்தது. ராஜா மட்டும் நின்றார். ஒரு கலெக்டரின் செய்கையைக் கண்டித்தவன், அரசனைத் தெய்வமாய் எண்ணிப் பழகிய ஜனங்கள் முன் பாவியாக நிறுத்தப்பட்டான். சுதேசியம் பேசிய பத்திரிகைகளும் அச்சொல்லையே அச்சிட்டன.

சிவாவின் தமிழ்ப் பேச்சு, போலீஸாரின் குறிப்பு வாயிலாகவும் மொழிபெயர்ப்பு வாயிலாகவும் ஆங்கில நீதிபதி பின்ஹேயின் முன் சென்றது. சிவா கோர்ட்டில் சொன்னது தனிச் சிறப்புடையது. தாம் ஒரு சந்நியாசி என்றும், முக்தியையும் அதனை அடையும் வழியையும் போதிப்பது தம் தொழில் என்றும் கூறினார். ஆத்மாவுக்கு முக்தி புறத்தளைகளிலிருந்து விடுபடுதல். தேசத்திற்கு முக்தி அன்னியர் தளையிலிருந்து விடுபடுதல் என்று பொருள் விரித்தார். கோயில் திண்ணையில் கேட்ட சொல் அரசியலின் நடுவே வந்து நின்றது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் இங்கிலீஷ்ப் பெயரைத் தள்ளித் தம் போருக்குச் சத்தியாக்கிரகம் என்று பெயரிட்டதும் அந்த 1908-ஆம் வருஷத்திலேதான்.

ஜூலை 7-இல் தீர்ப்பு வந்தது. சிவாவுக்குப் பத்து வருஷத் தீவாந்தரம். பிள்ளைக்குத் தம் பேச்சுக்காக ஒரு தண்டனை. சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு மற்றொன்று. விருந்தோம்பல் என்று நம் முன்னோர் போற்றியதற்குச் சட்டம் கண்ட பெயர் உடந்தை! அப்பீலில் இருவர் தண்டனையும் ஆறு வருஷமாகக் குறைந்தன.

அக்காலத்தில் மிதவாதி, தீவிரவாதி என்று இரு பெயர்கள் வழங்கின. திலகர் தம்மவரைப் புதிய கட்சியார் என்று சொல்ல விரும்பினார். எனினும் தீவிரவாதி என்ற பட்டமே நிலைத்தது. இன்று அதே சொல் வெடிகுண்டு வைப்பவனுக்கு வழங்குகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடத்திலும் பத்திரிகையிலும் அதனைச் சேர்த்துப் படித்தால் என்ன நினைப்பான்? நம் காலத்துப் பத்திரிகைகள் லேசான தடியடி என்று எழுதுகின்றன. அடிபட்டவர் எவரும் அதனை லேசாக உணர்ந்ததாக நாம் கேட்டதில்லை. 124-ஏ பிரிவும் சுதந்திரத்திற்குப் பின் நெடுங்காலம் உயிரோடிருந்தது. 2022-ஆம் வருஷம் மே 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அதனை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவு அவ்விடத்தில் இருக்கிறது. ராஜத்துரோகம் போய்த் தேசத்துரோகம் வந்தது என்று ஆட்சியாளர் பெருமை பாராட்டினர். பெயர் மாறியதால் பிடி தளர்ந்ததா என்பதை வழக்கறிஞர்கள் ஆராயட்டும்.

1912 நவம்பரில் விடுதலையான சிவா, சிறையில் பற்றிய குஷ்ட நோயோடு வெளிவந்தார். பத்திரிகைச் சட்டம் கழுத்தை நெரித்த அந்நாளில், 1913-இல் சென்னையில் ஞானபாநு என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியிலிருந்த பாரதியார் புனைபெயர்களில் அதில் எழுதினார். வடசொல் நிறைந்த நடையில் எழுதிய சிவாவே 1915-இல், வடமொழி கலவாத தமிழில் திருவள்ளுவர் சரித்திரம் எழுதுவோருக்கு ஐந்து ரூபாய் இனாம் என்று விளம்பரம் செய்தார். மறைமலையடிகளின் தனித்தமிழ் முயற்சிக்கு முந்தியது அது.

தொற்று நோயாளி ரயிலேறலாகாதென்று சர்க்கார் தடுத்தது. அவர் நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர்தோறும் சென்றார். 1921-இல் மீண்டும் சிறை. தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் நிலம் பெற்றுப் பாரதபுரம் என்று பெயரிட்டு, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தார். 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழுமுன் 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ஆம் தேதி, நாற்பதாம் வயதில், சிவா அங்கேயே காலமானார்.