100 மீட்டரை விட்டவர், பிறகு எதையெல்லாம் விட்டார்? எரிக் லிடெல் முடிவெடுத்த கதை

கடற்கரையில் வெள்ளை உடுப்போடு இளைஞர்கள் ஸ்லோமோஷனில் ஓடுவார்கள், பின்னணியில் ஒரு பியானோ இசை. படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்த இசை தெரிந்திருக்கும். 1981-ல் வந்து 4 ஆஸ்கர் வாங்கிய ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படம்தான் அது. அதன் இரண்டு நாயகர்களில் ஒருவர் எரிக் லிடெல். ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று சொல்லி ஒலிம்பிக் 100 மீட்டரையே விட்டவர்.

அவரைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தது இந்த ஒரு வரிதான். ஆனா, அவர் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளிலேயே கொஞ்சம் சுலபமானது அதுதான் என்று சொன்னால் தப்பில்லை. வேலை, குடும்பம், உயிர் எல்லாம் பணயத்தில் இருந்த முடிவுகள் பிறகுதான் வந்தன.

யார் இவர்?

லிடெல் 1902 ஜனவரி 16 அன்று சீனாவின் தியான்ஜின் நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், லண்டன் மிஷனரி சொசைட்டியில் ஊழியம் செய்தவர்கள். சின்ன வயதிலேயே அண்ணன் ராப் உடன் இங்கிலாந்தில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான போர்டிங் பள்ளியில் விடப்பட்டார். அப்பா, அம்மாவைப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தார். ரக்பியில் ஸ்காட்லாந்துக்காக 7 சர்வதேசப் போட்டிகள் ஆடினார். 1923-ல் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில் 100 கஜத்தை 9.7 விநாடிகளில் ஓடி ஜெயித்ததும், அடுத்த வருட பாரிஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பதக்கம் இவருக்குத்தான் என்று நாடே பேச ஆரம்பித்துவிட்டது.

படம் சொல்லாத விஷயம்

படத்தில், பாரிஸுக்குக் கப்பல் ஏறும்போதுதான் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று அவருக்குத் தெரியவரும். திரைக்கதைக்கு அது நல்ல திருப்பம். நிஜத்தில் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. 100 மீட்டர் தகுதிச்சுற்று 1924 ஜூலை 6, ஞாயிறு. இரண்டு ரிலே போட்டிகளும் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டன. மூன்றும் வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

ஏன்? அவர் வளர்ந்த ஸ்காட்டிஷ் கிறிஸ்தவ மரபில் ஞாயிறு என்பது ஓய்வுநாள். வேலைக்கும் விளையாட்டுக்கும் விடுமுறை விட்டு, ஆண்டவருக்கென்று ஒதுக்கும் நாள். லிடெலுக்கு இது யாரோ போட்ட சட்டமாகத் தெரியவில்லை, தான் கொடுத்த வாக்காகத்தான் தெரிந்தது. அதனால் பெரிய மனப்போராட்டம் எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை. சத்தம் போடவில்லை. அன்று ஓடிய மற்ற வீரர்களைக் குறை சொல்லவும் இல்லை. நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற ரீதியில் விமர்சனங்கள் வந்தபோது அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் பயிற்சிக்குப் போய்விட்டார்.

அந்தப் பயிற்சிதான் கவனிக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை வராத 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்கு, கோச் டாம் மெக்கெர்ச்சருடன் மாதக்கணக்கில் உழைத்தார். விசுவாசம் இருக்கிறது, மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருந்துவிடவில்லை. 400 மீட்டர் அவருக்கு முற்றிலும் புதிதும் இல்லை. 1923-ல் ஸ்டோக் நகரில் நடந்த 440 கஜ ஓட்டத்தில் ஆரம்பத்திலேயே இடிபட்டுக் கீழே விழுந்தவர், எழுந்து, சுமார் 20 கஜ இடைவெளியைத் துரத்திப் பிடித்து ஜெயித்திருந்தார். தன்னால் எது முடியும் என்ற கணக்கும் அந்த முடிவுக்குள் இருந்தது.

ஜூலை 6 அன்று பாரிஸில் இருந்த ஸ்காட்டிஷ் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். மறுநாள் 100 மீட்டர் தங்கத்தை சக பிரிட்டிஷ் வீரர் ஹரால்டு ஆபிரகாம்ஸ் வென்றார். 9-ம் தேதி 200 மீட்டரில் லிடெலுக்கு வெண்கலம். 11-ம் தேதி 400 மீட்டர் இறுதிப் போட்டி. கிடைத்தது கடைசி வெளிப்புற லேன். பக்கத்தில் யார் எங்கே ஓடுகிறார்கள் என்றே தெரியாது. முதல் பாதியை கிட்டத்தட்ட 200 மீட்டர் ரேஸ் மாதிரியே ஓடினார். கடைசியில் தளர்ந்துவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, தளரவே இல்லை. 47.6 விநாடிகள், உலக சாதனை, தங்கம்.

நம்பினார், அதனால் ஜெயித்தார் என்று இதைப் பாடமாக்குவது சுலபம். ஆனா, தோற்றிருந்தாலும் அவர் முடிவு அதேதான் இருந்திருக்கும். அட்டவணையைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன நாளில் 400 மீட்டரில் என்ன கிடைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தங்கத்துக்கு அடுத்த வருஷம்

இன்றைய கணக்கில் பார்த்தால் விளம்பரம், ஸ்பான்சர், பேட்டி என்று வாழ்க்கை செட்டில் ஆகியிருக்கும். லிடெல் ஒரு வருடம் எடின்பரோவில் இறையியல் படித்தார். 1925-ல், 23 வயதில், சீனாவுக்குக் கிளம்பிட்டார். தியான்ஜினில் ஆங்கிலோ-சைனீஸ் கல்லூரியில் அறிவியல் ஆசிரியர் வேலை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அவர் இல்லை.

இப்படிப்பட்ட முடிவுகளுக்கு அவர் எப்படி வந்தார்? தினமும் விடியற்காலையில் எழுந்து ஒரு மணி நேரம் பைபிள் வாசிப்பு, ஜெபம், யோசனை. வானத்திலிருந்து குரல் வரும் என்று காத்திருக்கும் ஆள் இல்லை அவர். ஏற்கெனவே சரி என்று தெரிந்ததை இன்றைக்குச் செய்தால்தான், அடுத்து என்ன என்பது புலப்படும் என்பது அவர் பின்னாளில் எழுதிய ஆன்மிகக் கையேட்டின் அடிப்படை. இயேசுவின் மலைப்பிரசங்கம்தான் அவர் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம்.

அதற்காக எல்லா முடிவையும் சட்டென்று எடுத்தவர் என்று நினைக்க வேண்டாம். சியாவ்சாங் என்ற கிராமப் பகுதி ஊழியத்துக்கு மிஷன் அவரை அழைத்தபோது ரொம்ப நாள் தயங்கினார். தன் இடம் வகுப்பறைதான் என்று நினைத்தார். அதற்குள் 1934-ல் கனடா நாட்டு மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ளோரன்ஸுடன் திருமணம், இரண்டு பெண் குழந்தைகள். 1937-ல் ஜப்பான் சீனாமீது முழு அளவில் போர் தொடுத்துவிட்டது. அந்த வருடம்தான், குடும்பத்தை தியான்ஜினில் விட்டுவிட்டு, சியாவ்சாங் போக ஒத்துக்கொண்டார். அங்கிருந்த ஆஸ்பத்திரியில் அண்ணன் ராப் டாக்டர்.

அங்கே நடந்த ஒரு சம்பவம்: ஜப்பானியப் படைக்குப் பயந்து ஊர்க்காரர்கள் தொடத் தயங்கிய ஒரு காயம்பட்டவரை, வண்டி அமர்த்தி ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் இன்னொருவர். வாளால் வெட்டப்பட்டும் கழுத்து அறுபடாமல் உயிர் தப்பியவர். அவரையும் ஏற்றிக்கொண்டார். முதலாமவர் இறந்துவிட்டார். இரண்டாமவர் பிழைத்தார். அவர் ஓவியர், நன்றியாக லிடெலுக்கு ஒரு பியோனிப் பூ ஓவியம் வரைந்து கொடுத்தார்.

இது சரியான முடிவா?

1941. பிரிட்டிஷ் குடிமக்கள் சீனாவைவிட்டு வெளியேறச் சொல்லி அரசு அறிவுறுத்தியது. ஃப்ளோரன்ஸ் மூன்றாவது முறை கர்ப்பமாக இருந்தார். அவரையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, லிடெல் தங்கிவிட்டார்.

இந்த இடத்தில் கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் நிற்கலாம். பெற்றோரைப் பிரிந்து வளர்வது என்னவென்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் தன் பிள்ளைகளுக்கு அதையே கொடுத்தார். கொஞ்ச நாள் பிரிவு, பிறகு சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது. அவரிடம் சீனாவில் பாடம் கேட்டவர்களுக்கும் உதவி பெற்றவர்களுக்கும் அது வரமாக இருந்திருக்கும். டொராண்டோவில் அப்பா இல்லாமல் வளர்ந்த மூன்று பெண் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நம்பிக்கையோடு எடுத்த முடிவுக்கும் விலை உண்டு. அதை எப்போதும் முடிவெடுத்தவர் மட்டும் கட்டுவதில்லை.

1943 மார்ச்சில் ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். ஷான்டோங் மாகாணத்தில் ஒரு பழைய மிஷன் வளாகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். போர்டிங் பள்ளியிலிருந்து பெற்றோர் இல்லாமல் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். லிடெல் அவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டுகள் நடத்தினார், உடைந்த ஹாக்கி மட்டைகளைத் துணி சுற்றிச் சரிசெய்தார். பிள்ளைகளுக்கு அவர் எரிக் மாமா.

அங்கேதான் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை பிரச்னை வந்தது.

ஞாயிறன்று விளையாட்டு இல்லை என்பதுதான் லிடெலின் நிலை. சலித்துப்போன பிள்ளைகள் தாங்களாகவே ஒரு ஹாக்கி மேட்ச் வைத்தார்கள். நடுவர் இல்லை. சண்டையில் போய் முடிந்தது. லிடெல் யோசித்தார். அடுத்த ஞாயிறு மைதானத்தில் நடுவராக வந்து நின்றது அவரேதான்.

ஒலிம்பிக் தங்கத்துக்காக வளையாத மனிதர், ஆளில்லாமல் அடித்துக்கொண்ட சில பிள்ளைகளுக்காக வளைந்தார். கொள்கையை விட்டுவிட்டாரா? அப்படிப் பார்க்கத் தேவையில்லை. பாரிஸில் ஞாயிறன்று ஓடாததால் நஷ்டப்பட்டது அவர் ஒருவர்தான். முகாமில் அதே விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடிபடுவது பிள்ளைகள். எந்த விதி தனக்கானது, எங்கே அது மற்றவர்கள் தலையில் சுமையாகிறது என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வாழ்க்கையில் மிக நிதானமான முடிவு எதுவென்று கேட்டால், பாரிஸைவிட இந்த ஹாக்கி மேட்ச்சைத்தான் சொல்ல வேண்டும்.

1945 தொடக்கத்தில் தலைவலி, தளர்ச்சி. அதிக வேலைதான் காரணம் என்று நினைத்தார்கள், மூளையில் கட்டி. அந்தக் குளிர்காலத்தில் தன் பழைய ஓட்டக் காலணிகளை, செருப்புக்கூட உருப்படியாக இல்லாத ஒரு பதின்வயதுப் பையனிடம் கொடுத்துவிட்டார். பிப்ரவரி 21 அன்று மனைவிக்குச் சின்னதாக ஒரு கடிதம் எழுதினார், வேலைப்பளு அதிகமாகிவிட்டது என்று. அன்று இரவே இறந்துவிட்டார். வயது 43. ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, அமெரிக்க பாராசூட் வீரர்கள் வந்து முகாமை மீட்டார்கள்.

டொராண்டோவில் இருந்த ஃப்ளோரன்ஸுக்குச் செய்தி போய்ச் சேர மே மாதம் ஆகிவிட்டது. 1941-ல் அங்கே பிறந்த கடைசி மகள் மொரீன், அப்பாவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.