சோபோக்கிளிஸ் (கி.மு. 496 – கி.மு. 406)

மாணவர்களே, கிரேக்க அவல நாடகம் பற்றிய வினாவுக்கு “எல்லாம் விதி” என்று எழுதி முடித்துவிட எண்ணுகிறீர்களா? சோபோக்கிளிஸின் வாழ்வையும் படைப்பையும் சேர்த்து நோக்குங்கள். அந்த ஒரு சொல் போதாது என்பது விளங்கும்.

ஏறத்தாழ கி.மு. 496 இல் ஏதென்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள கொலோனஸ் என்னும் ஊரில் இவர் பிறந்தார். தந்தை சோபிலஸ் ஆயுதத் தொழில் நடத்திய செல்வந்தர். கி.மு. 480 இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகர் தோற்றபோது வெற்றிப்பாடல் பாடிய சிறுவர் குழுவுக்கு இவரே தலைமை தாங்கினார் என்பர். கி.மு. 468 இல் டயோனிசஸ் விழா நாடகப் போட்டியில் மூத்தவரான ஈஸ்கிலஸை வென்றார். எழுதியவை 120 இற்கும் மேல். முழுமையாகக் கிடைப்பவை 7 மாத்திரமே.

மூன்றாவது நடிகரை அரங்கிற்குக் கொண்டுவந்தவர் இவரே என அரிஸ்ரோட்டில் குறிப்பிடுகின்றார். கோரஸின் தொகையை 12 இலிருந்து 15 ஆக உயர்த்தியவரும் இவரே எனப்படுகிறது. மூன்றாம் நடிகரால் என்ன பயன்? ‘ஈடிப்பஸ் மன்னன்’ நாடகத்தில் கொரிந்தியத் தூதுவன் ஈடிப்பஸுடன் பேசிக்கொண்டிருக்க, அருகில் நிற்கும் யொகஸ்ரா உண்மையை அவனுக்கு முன்னரே உணர்ந்துவிடுகின்றாள். விசாரணையை நிறுத்துமாறு மன்றாடுகின்றாள். அவனோ கேட்கவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்பது தெய்வவாக்கு. ஆனால் முச்சந்தியில் சினங்கொண்டு கிழவரைக் கொன்றதும், தீர்க்கதரிசி ரைரீசியஸைச் சதிகாரன் என்று பழித்ததும், எத்தடை வந்தபோதும் உண்மையைத் தேடியதும் அவனது செயல்கள். கண்களைக் குத்திக்கொண்டதும் தன் கையாலேயே. அரிஸ்ரோட்டில் கூறும் ‘ஹமார்ஷியா’ என்பதைத் தீயகுணம் என்று எழுதாதீர்கள். அறியாமையால் நேரும் தவறு என்பதே பொருத்தமானது. ஈடிப்பஸை வீழ்த்திய அதே விடாமுயற்சிதான் முன்னர் தீப்ஸ் நகரைக் காத்தது.

சோபோக்கிளிஸ் அதிகாரத்தை வெளியில் நின்று பார்த்தவரல்லர். கி.மு. 443 அளவில் ஏதென்ஸ் கூட்டணியின் நிதிப் பொறுப்பாளராகவும், கி.மு. 441 இல் பெரிக்கிளிஸுடன் தளபதியாகவும் பணியாற்றினார். ‘அன்ரிகனி’யும் ஏறத்தாழ அக்காலத்ததே. அதில் கிரயோன் தன் கட்டளையைக் கைவிட மறுக்கின்றான். அன்ரிகனியும் சகோதரனின் அடக்கத்தைக் கைவிட மறுக்கின்றாள். மகன் ஹீமோன் சொன்னதை அவன் ஏற்கவில்லை. இறுதியில் மனம் மாறுகின்றான். முதலில் பெண்ணை விடுவி, பின்னர் பிணத்தை அடக்கஞ்செய் என்பதே கோரஸின் ஆலோசனை. அவனோ பிணத்திடம் முதலிற் செல்கின்றான். குகையை அடையும்போது அவள் தூக்கில் தொங்குகின்றாள். ஹீமோன் தன்னையே குத்தி மாய்கின்றான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் உயிர்விடுகின்றாள். இச்சிறு ஒழுங்கு மாற்றத்தைப் பலர் கவனியாது படித்துவிடுகின்றனர். உங்கள் விடையில் அதைத் தவறாது குறிப்பிடுங்கள்.

புகழ்பெற்ற ‘ஈடிப்பஸ் மன்னன்’ போட்டியில் இரண்டாமிடமே பெற்றது என்பது வியப்புக்குரியது. ‘பிலொக்ரெற்றிஸ்’ கி.மு. 409 இல் முதற்பரிசு வென்றபோது இவருக்கு வயது 87 அளவில் இருக்கும். கி.மு. 406 இல் யூரிப்பிடிஸ் இறந்த செய்தி கேட்டு, தம் கோரஸைத் துக்க உடையில் அரங்கேற்றினார் என்பர். சில மாதங்களில் தாமும் மறைந்தார். குருடனாகிய ஈடிப்பஸ் கொலோனஸில் அமைதி பெறுவதைக் கூறும் இறுதி நாடகத்தைப் பேரன் கி.மு. 401 இல் மேடையேற்றினார்.