ஹெலன் கெல்லர் கல்லூரிக்குத் தயாரான கதை



ப்ளஸ் டூ வந்துவிட்டாலே வீட்டுக்கு வருகிற மாமா, அத்தை எல்லோரும் கேட்கிற கேள்வி ரெண்டுதான். அடுத்து என்ன படிக்கப் போறே? எந்த கோச்சிங் சென்டர்ல சேரப் போறே? இந்த ரெண்டுக்குமே எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. முதல் தடவை தேறாவிட்டால் ஒரு வருஷம் வீணாகிவிடுமே! இந்தப் பயத்தோடு இருந்தபோதுதான் ஹெலன் கெல்லரின் வாழ்க்கையைப் படித்தேன்.

கண் தெரியாது, காது கேட்காது, ஆனாலும் சாதித்தார் என்று அவரைப் பற்றி நாம் சின்ன வகுப்பிலேயே கேள்விப்பட்டிருப்போம். ஆனால் கல்லூரியில் சேருவதற்கு முன் நாலு வருஷம் அவர் எப்படித் தயாரானார் தெரியுமா? எனக்கும் தெரியாது, இதைப் படிக்கிற வரைக்கும்.

ஹெலன் 1880 ஜூன் 27-ஆம் தேதி அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற ஊரில் பிறந்தார். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த கடுமையான நோயால் பார்வையும் கேட்கும் திறனும் போய்விட்டன. 1887 மார்ச்சில் ஆசிரியை ஆன் சல்லிவன் வீட்டுக்கு வந்தார். குழந்தையின் உள்ளங்கையில் தன் விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி, பொருள்களுக்குப் பெயர் உண்டு என்று புரிய வைத்தார். அதன் பிறகு ஹெலனுக்குப் படிப்பு மேல் தணியாத ஆசை.

சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் வெல்லெஸ்லி என்ற பெண்கள் கல்லூரியைப் பார்க்கப் போனார். நானும் ஒரு நாள் கல்லூரிக்குப் போவேன், ஆனால் ஹார்வர்டுக்குத்தான் போவேன் என்று சொல்லிவிட்டார். கூட இருந்தவர்கள் அசந்து போனார்கள். அந்தக் காலத்தில் ஹார்வர்டில் பெண்களைச் சேர்க்கவே மாட்டார்கள். ஆனால் ஹார்வர்டு பேராசிரியர்களே வந்து பாடம் நடத்துகிற ராட்கிளிஃப் என்ற பெண்கள் கல்லூரி பக்கத்திலேயே இருந்தது. ஹெலனின் குறிக்கோள் அதுவாயிற்று. கண்ணும் காதும் உள்ள மாணவிகள் எழுதுகிற அதே நுழைவுத் தேர்வை எழுதித்தான் உள்ளே போக வேண்டும்.

ஆசைப்பட்டால் மட்டும் போதுமா? 1896 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் நகரில் ராட்கிளிஃபுக்கு மாணவிகளைத் தயார் செய்கிற ஒரு பள்ளியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்கள் சேர்ந்து நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த ஆசிரியர்கள் அதுவரை இப்படி ஒரு மாணவிக்குப் பாடம் நடத்தியதில்லை. சல்லிவன் டீச்சர் வகுப்பில் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆசிரியர் சொல்வதை எல்லாம் ஹெலனின் கையில் விரலால் எழுதிக்கொண்டே இருப்பார். பிரெயிலில் இல்லாத புத்தகங்களையும் அப்படியே படித்துக் காட்டுவார். இத்தனைக்கும் சல்லிவனுக்கே பார்வை சரியில்லை. ஜெர்மன் ஆசிரியையும் பள்ளி முதல்வர் கில்மனும் ஹெலனுக்காக விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஒரு மாணவிக்காக ஆசிரியர்களே மாணவர்களாக மாறியது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

1897-இல் முதல்கட்டத் தேர்வு நடந்தது. டைப்ரைட்டர் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்பதால் ஹெலனுக்குத் தனி அறை. எழுதிய எல்லாப் பாடத்திலும் தேறினார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புத் தேர்ச்சி!

இரண்டாம் வருஷம்தான் சோதனை. கணக்கு, இயற்பியல் எல்லாம் வந்தன. வகுப்பிலோ கூட்டம் அதிகம், ஆசிரியர் எழுதுவது கரும்பலகையில். வேண்டிய பிரெயில் புத்தகங்களும் நேரத்துக்கு வரவில்லை. வடிவியலுக்கு ஒரு மெத்தை மேல் நேரான கம்பி, வளைந்த கம்பி எல்லாம் வைத்து வடிவங்களை அமைத்து, தடவிப் பார்ப்பார். எந்த முனைக்கு என்ன எழுத்து, என்ன கொடுத்திருக்கிறார்கள், எதை நிரூபிக்க வேண்டும் எல்லாம் மனசிலேயே நிற்க வேண்டும். நானும் ஒரு நாள் தலையணை மேல் ஈர்க்குச்சியால் முக்கோணம் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேற்றத்தை நிரூபித்துப் பார்த்தேன். மூணாவது வரியிலேயே எது பி, எது சி என்று குழம்பிவிட்டது. ஹெலன் பட்ட பாடு அப்போதுதான் உறைத்தது.

இந்தச் சமயத்தில் ஒரு பிரச்சினை வந்தது. ஹெலன் அளவுக்கு மீறி உழைக்கிறார், உடம்பு கெட்டுவிடும், இன்னும் மூன்று வருஷம் இங்கேயே படிக்கட்டும் என்று முதல்வர் கில்மன் நினைத்தார். கூடப் படிக்கிற தோழிகளோடுதான் தேர்வு எழுதுவேன் என்பது ஹெலனின் ஆசை. கடைசியில் அவருடைய அம்மா அவரையும் தங்கை மில்ட்ரெடையும் அந்தப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார்.

பள்ளி போனாலும் குறிக்கோள் போகவில்லை. 1898 பிப்ரவரி முதல் கீத் என்ற ஆசிரியர் தனிப்பயிற்சி கொடுத்தார். முதலில் வாரம் இரண்டு நாள். அந்த வருஷம் அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாள், தினமும் ஒரு மணி நேரம். முந்தைய பாடத்தில் புரியாததை முதலில் விளக்குவார், பிறகுதான் புதுப் பாடம். ஹெலன் டைப் செய்த கிரேக்கப் பயிற்சிகளை வீட்டுக்கு எடுத்துப்போய் முழுக்கத் திருத்திக் கொண்டு வருவார். கணக்கு மட்டும் கஷ்டம்தான். அதையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுத்தார். அவசரம் இல்லாததால் ஹெலனுக்கு வகுப்பறையைவிட வேகமாகப் பாடம் ஏறியது.

1899 ஜூன் 29, 30 தேதிகளில் இறுதித் தேர்வு. சல்லிவன் வினாத்தாளைப் படித்துக் காட்டக் கூடாது என்று கல்லூரி சொல்லிவிட்டது. ஹெலனுக்கு முன்பின் தெரியாத ஒருவர் கேள்விகளை அமெரிக்க பிரெயிலில் எழுதிக் கொடுத்தார். அங்கேதான் சிக்கல். ஹெலன் இயற்கணிதம் படித்தது ஆங்கிலேய பிரெயிலில். இரண்டிலும் குறியீடுகள் வேறு வேறு! தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால்தான் இது தெரிந்தது. அவசரமாக ஒரு குறியீட்டு அட்டவணை வாங்கி மனப்பாடம் செய்தார். ஆனாலும் முதல் நாள் ராத்திரி வரை அடைப்புக்குறியும் மூலக்குறியும் குழப்பிக்கொண்டே இருந்தன. இன்னொரு குறையும் இருந்தது. கணக்கை மனசிலேயே போட்டுப் பழகியவருக்குத் தேர்வுத்தாளில் எழுதிப் பழகுகிற பயிற்சி போதவில்லை. இவ்வளவு நல்ல ஆசிரியரிடமும் விட்டுப்போன ஒன்று பாருங்கள்!

இத்தனையையும் தாண்டி ஹெலன் தேறிவிட்டார்.

உடனே கல்லூரியில் சேர்ந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. இன்னும் ஒரு வருஷம் கீத்திடம் படித்துவிட்டுச் சேருவது நல்லது என்று முடிவானது. முன்பு மூன்று வருஷம் காத்திருக்க மாட்டேன் என்று இருந்தவர், இப்போது தேறிய பிறகும் ஒரு வருஷம் பொறுத்தார். 1900-இல் ராட்கிளிஃபில் சேர்ந்தார். படிக்கும்போதே 1903-இல் அவருடைய சுயசரிதை புத்தகமாக வந்தது. 1904-இல் சிறப்புத் தகுதியோடு பி.ஏ. பட்டம் பெற்றார். கண்ணும் காதும் இழந்த ஒருவர் பி.ஏ. பட்டம் வாங்கியது அதுதான் முதல் முறை.

பிறகு பார்வையற்றவர்களுக்காகப் பல நாடுகளுக்குப் போய்ப் பேசினார். 1955-இல் நம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1968 ஜூன் 1-ஆம் தேதி தமது 87-ஆம் வயதில் மறைந்தார்.

இதைப் படித்த பிறகு நான் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி என் மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்று, எங்கே போக வேண்டும் என்பதை நானே தீர்மானிக்க வேண்டும். இரண்டு, எந்தப் பாடத்தில் எனக்குப் புரியவில்லை என்று வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், தேர்வு போலவே எழுதிப் பார்க்க வேண்டும். மூன்று, தயாராவதற்கு ஆகிற ஒரு வருஷம் வீண் வருஷம் கிடையாது.

மாமா, அத்தை கேட்கிற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லைதான். ஆனால் அந்தப் பயம் பாதி குறைந்துவிட்டது. உங்களுக்கும் குறைந்தால் சந்தோஷம். தேர்வு எழுதப் போகும் அனைவருக்கும் என் வாழ்த்துகள்!



இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி