வில்லியம் ராபர்ட் குரோவ்

வில்லியம் ராபர்ட் குரோவ் (ஜூலை 11, 1811 - ஆகஸ்ட் 1, 1896) வேல்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளரும் வழக்கறிஞரும் நீதிபதியும் ஆவார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நீராகும் வினையிலிருந்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்தை உருவாக்கியவர் என இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

சுவான்சி நகரில் பிறந்த குரோவ், ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரேசனோசு கல்லூரியில் பயின்றார். 1835இல் வழக்கறிஞரானார். உடல்நலக் குறைவால் தொழிலில் முழுமையாக ஈடுபட இயலாத காலத்தில் அறிவியல் ஆய்வுகளை மேற்கொண்டார். 1840இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1841 முதல் 1846 வரை லண்டன் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியராகப் பணியாற்றினார். பின்னர் மீண்டும் சட்டத்துறைக்குத் திரும்பி, 1871இல் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 1872இல் சர் பட்டம் பெற்றார். 1887இல் ஓய்வு பெற்ற இவர், லண்டனில் காலமானார்.

குரோவ் மின்கலம்

1839இல் இவர் அமைத்த மின்கலத்தில், நீர்த்த கந்தக அமிலத்தில் துத்தநாகமும் செறிந்த நைட்ரிக் அமிலத்தில் பிளாட்டினமும் மின்வாய்களாக இருந்தன. ஒரு நுண்துளைப் பாத்திரம் இரு அமிலங்களையும் பிரித்தது. ஏறத்தாழ 1.9 வோல்ட்டு தந்த இக்கலம் அமெரிக்கத் தந்தி நிலையங்களில் பயன்பட்டது. நச்சுத்தன்மை கொண்ட நைட்ரஜன் டைஆக்சைடு வெளியேறியமை இதன் பெருங்குறையாகும்.

வளிம மின்கலம்

1842இல் குரோவ் தம் வளிம மின்கலத்தை விவரித்தார். ஹைட்ரஜன், ஆக்சிஜன் அடைக்கப்பட்ட கண்ணாடிக் குழாய்களில் பிளாட்டினத் தகடுகள் பாதி வளிமத்திலும் பாதி நீர்த்த கந்தக அமிலத்திலும் இருந்தன. இவ்வாறான கலங்களைத் தொடராக இணைத்து, அம்மின்னோட்டத்தால் நீரை மின்பகுப்புச் செய்தும் காட்டினார்.

வளிமம், நீர்மம், பிளாட்டினம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்திலேயே வினை நிகழ்கிறது என்பதை இவர் உணர்ந்தார். எனவே நுண்ணிய பிளாட்டினத் துகள்கள் படிந்த தகடுகளைப் பயன்படுத்தி மேற்பரப்பைப் பெருக்கினார். எனினும் கிடைத்த மின்னோட்டம் நடைமுறைப் பயனுக்குப் போதவில்லை.

பிற்கால வளர்ச்சி

1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் எரிபொருள் மின்கலம் பயன்பட்டது. ஹைட்ரஜனுக்கு மாற்றாக மெத்தனாலைப் பயன்படுத்தும் கலங்களும் உருவாயின. நீர்மமான மெத்தனாலைச் சேமிப்பது எளிது. ஆனால் அது ஆக்சிஜனேற்றம் அடையும்போது தோன்றும் கார்பன் மோனாக்சைடு, பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையைத் தடுக்கிறது. ருத்தேனியத்தைச் சேர்ப்பதால், ஒட்டிய கார்பன் மோனாக்சைடு கார்பன் டைஆக்சைடாக மாறி அகல்கிறது.

விலை உயர்ந்த இவ்வுலோகங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்த, அவற்றை நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கிக் கார்பன் நானோகுழாய்களின் மீது படியச் செய்கின்றனர். இக்குழாய்கள் மின்சாரத்தை நன்கு கடத்துகின்றன. ஆனால் இவற்றின் வழுவழுப்பான பரப்பில் உலோகத் துகள்கள் எளிதில் பற்றுவதில்லை. பற்றியவையும் நகர்ந்து ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடுகின்றன. ஆகவே குழாய்களை முதலில் நைட்ரிக் அமிலம் போன்றவற்றால் பதப்படுத்தி, துகள்கள் பற்றுவதற்கு ஏற்ற ஆக்சிஜன் தொகுதிகளை உண்டாக்குகின்றனர். குறைந்த பிளாட்டினத்தில் மிகுந்த மேற்பரப்பைப் பெறுவதே இம்முயற்சிகளின் நோக்கம். குரோவ் எதிர்கொண்ட மேற்பரப்புச் சிக்கலின் தொடர்ச்சியே இது.