எண்பது முறிவுகள்

ஸ்கீயிங்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது குளிர்கால ஒலிம்பிக்ஸ்தான். ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆல்ப்ஸ் மலையில் அது ராணுவப் பயிற்சியாவும் இருந்தது. அந்தப் பயிற்சிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி.

1856 பிப்ரவரி 25-ல், இன்றைய செக் குடியரசில் இருக்கும் மொராவியாவில் பிறந்தார். சின்ன வயசுலயே ஒரு விபத்தில் ஒரு கண் பார்வை போயிடுச்சு. ஆசிரியர், ஓவியர்னு இருந்தவர், 1889-ல் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்ட் பக்கத்தில் மலைப்பண்ணை ஒன்றை வாங்கிக் குடியேறினார்.

ஸ்கீ கட்டையில் கிரீன்லாந்தைக் கடந்த நான்சென் பற்றிப் படித்தவர், நார்வேயிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தார். கிட்டத்தட்ட மூணு மீட்டர் நீளம்! பூட்ஸின் முன்பக்கத்தை மட்டும் வார் பிடித்திருக்கும். குதிகால் பக்கவாட்டில் ஆடும். நார்வேயின் மேடுபள்ளத்துக்கு அது சரி. ஆல்ப்ஸின் செங்குத்துச் சரிவில் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தானே பட்டறையில் இறங்கினார். கட்டையைக் குட்டையாக்கினார். பல வருஷ முயற்சிக்குப் பிறகு, பூட்ஸுக்கு அடியில் எஃகுத் தகடு, முன்பக்கம் ஒரு கீல். கதவு மாதிரிதான்: குதிகால் மேலே எழும்பும், பக்கவாட்டில் அசையாது. கால் திருப்பினா கட்டையும் திரும்பும். இதை வைத்து அவர் உருவாக்கிய முறை 1890-களில் புத்தகமாவும் வந்தது.

முதுகில் சுமையோடு இறங்கும் சிப்பாய்க்கு வேகத்தைவிட, விழாமல் நிற்பதுதான் முக்கியம். அதனால் ஆஸ்திரிய ராணுவம் அவரிடம் பயிற்சிக்கு வந்தது. பொதுமக்களுக்கும் காசு வாங்காமலே கற்றுக்கொடுத்தார். 1905-ல் வாயில்கள் நட்டு அவர் நடத்திய போட்டிதான் இன்றைய ஸ்லாலமுக்கு முன்னோடி.

முதல் உலகப்போரில் இத்தாலியுடனான போர்முனை ஆல்ப்ஸ் மேலேயே அமைந்தது. அங்கே இரு தரப்புக்கும் பொது எதிரி பனிச்சரிவு. 1916 டிசம்பர் 13 அன்று மர்மொலாடா மலையில் ஒரே சரிவில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆஸ்திரிய வீரர்கள் இறந்தார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரி 28. ஸ்தார்ஸ்கிக்கு அறுபது வயசு நிறைஞ்சு மூணே நாள். ராணுவத்தில் பயிற்சியாளராகவும் பனிச்சரிவு நிபுணராகவும் இருந்தவர், புதைந்துபோன வீரர்களை மீட்கப் போனார். போன இடத்தில் இன்னொரு சரிவு அவரையும் அடித்துக்கொண்டு போனது. உடம்பில் ஏறத்தாழ எண்பது எலும்பு முறிவுகளும் மூட்டு விலகல்களும்.

பிழைத்தார். தானே செய்த கருவிகளை வைத்து உடம்பைப் பழக்கினார். மெல்ல மெல்லத் திரும்பவும் பனியில் இறங்கினார். பனிச்சரிவு எப்படி உருவாகுது, எப்படித் தப்பிக்கலாம்னு எழுதினார். தன்னைப் புதைத்த பனியையே பாடமாக்கினார். 1940-ல் மறைந்தார்.

இன்றும் ஆல்ப்ஸ் ஏறுபவர்கள், புயலில் சிக்கினால் தலைக்கு மேல் போர்த்திக்கொள்ள ஒரு மெல்லிய துணிப்பை எடுத்துப் போறாங்க. அதை வடிவமைத்தவரும் இவர்தான். அதன் பேரே ஸ்தார்ஸ்கி பை.