எழுத்தை உழைப்பாகக் கொண்ட பிரேம்சந்த்

ஹிந்தி, உருது ஆகிய இரு மொழிகளிலும் நவீன சிறுகதைக்கும் நாவலுக்கும் அடித்தளமிட்ட பிரேம்சந்த், எழுத்தை ஓர் அன்றாட உழைப்பாகவே கருதி வாழ்ந்தவர். உழவர் வயலுக்குச் செல்வதைப் போல, அதிகாலையில் எழுந்து எழுத அமர்வது அவரது வழக்கம். சுமார் 300 சிறுகதைகளும் 10-க்கும் மேற்பட்ட நாவல்களும் இந்த ஒழுங்கில் விளைந்தவை. அதற்காக அவர் அரசுப் பணியையும் சேமிப்பையும் இழந்தார். உடல் நலத்தையும் பொருட்படுத்தவில்லை.

வாராணசிக்கு அருகிலுள்ள லம்ஹி கிராமத்தில் 1880 ஜூலை 31-ல் பிறந்த இவரது இயற்பெயர் தன்பத் ராய். தந்தை அஜாயப் லால், அஞ்சல் அலுவலக எழுத்தர். சிறு வயதிலேயே தாயை இழந்த தன்பத் ராய், புத்தகங்களில் ஆறுதல் தேடினார். கோரக்பூரில் படித்தபோது, ஒரு புத்தகக் கடைக்காரரிடம் பாடக் குறிப்பு நூல்களைப் பெற்று உடன் பயிலும் மாணவர்களிடம் விற்றுக் கொடுத்தார். அதற்கு ஈடாகக் கடையிலிருந்த உருது நாவல்களைப் படித்துத் தீர்த்தார்.

தந்தை மறைந்தபோது குடும்பப் பாரம் முழுவதும் பதின்பருவத்து இளைஞரான அவர் மீது விழுந்தது. வறுமை முற்றிய ஒரு நாளில், தம்மிடமிருந்த கணித நூலை விற்பதற்காகப் புத்தகக் கடைக்குச் சென்றார். அங்கு சந்தித்த தலைமையாசிரியர் ஒருவர், சுனார் நகரில் மாதம் ரூ.18 ஊதியத்தில் ஆசிரியர் பணி அளித்தார். அது 1899-ம் ஆண்டு.

பெயர் மாறிய கதை

நவாப் ராய் என்ற புனைபெயரில் உருதுவில் எழுதத் தொடங்கிய அவரது முதல் சிறுகதைத் தொகுப்பான "சோஸ்-ஏ-வதன்", 1908-ல் கான்பூரில் வெளியானது. நாட்டுப் பற்றை வலியுறுத்திய அக்கதைகள் ஆங்கில அரசின் சினத்துக்கு உள்ளாயின. அப்போது ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளித் துணை ஆய்வாளராக இருந்த அவரை மாவட்ட ஆட்சியர் அழைத்து விசாரித்தார். கைவசம் இருந்த பிரதிகள் தீக்கிரையாயின. இனி எதை எழுதினாலும் அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

ஒவ்வொரு கதையையும் அதிகாரியின் மேஜைக்கு அனுப்பினால் எழுத்து நின்றுவிடும். மீறினால் வேலை பறிபோகும். இந்நிலையில் "ஜமானா" இதழின் ஆசிரியர் தயாநாராயண் நிகம் புதிய பெயர் ஒன்றைப் பரிந்துரைத்தார். 1910-ல் நவாப் ராய் மறைந்து பிரேம்சந்த் பிறந்தார்.

மகாத்மா காந்தியின் உரையை 1921 பிப்ரவரியில் கோரக்பூரில் கேட்ட பிரேம்சந்த், சில நாள்களிலேயே அரசுப் பணியிலிருந்து விலகினார். 20 ஆண்டுகளுக்கும் மேலான பணிக்காலத்தை அவர் துறந்தபோது இரு குழந்தைகள் இருந்தனர். மனைவி சிவராணி தேவி அம்முடிவுக்குத் துணை நின்றார். இளம் விதவையாக இருந்த அவரை 1906-ல் பிரேம்சந்த் மணந்திருந்தார். சிவராணி தேவி, 1930-ல் லக்னௌவில் அன்னியத் துணிக்கு எதிரான மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். சிறுகதை எழுத்தாளரும் ஆவார்.

இரு மொழி எழுத்தாளர்

சில நாவல்களுக்கான கதைத் திட்டத்தை ஆங்கிலத்தில் குறித்துக் கொள்வதும், உருதுவில் எழுதிய பின் அதை ஹிந்தியில் ஆக்குவதும் பிரேம்சந்தின் பழக்கம். ஆலைக்காகத் தன் நிலத்தை விட்டுத்தர மறுக்கும் பார்வையற்ற பிச்சைக்காரரான சூர்தாஸின் கதையைக் கூறும் "ரங்கபூமி"யும் முதலில் உருதுவில் எழுதப்பட்டதே. "சேவாசதன்" நாவல் உருதுவில் எழுதப்பட்டபோதிலும், ஹிந்தியில்தான் முதலில் அச்சேறியது. அந்நாவலே கே. சுப்ரமணியம் இயக்கத்தில், எம்.எஸ். சுப்புலட்சுமி நடிப்பில் 1938-ல் தமிழ்த் திரைப்படமாக வந்தது.

பொருள் சேர்க்கும் விருப்பம் அவருக்கு இருக்கவில்லை. சுயராஜ்யம் கிட்ட வேண்டும், அந்நோக்கத்துக்கு உதவும் தரமான சில நூல்களை எழுத வேண்டும் என்பதே தமது ஆசை என்று 1930-ல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். அதே ஆண்டில் அவர் தொடங்கிய "ஹன்ஸ்" இதழும், அவரது சரஸ்வதி அச்சகமும் தொடர்ந்து நஷ்டத்தையே தந்தன. அச்சகச் சட்டத்தின் கீழ் பிணைத் தொகை செலுத்துமாறு அரசும் நெருக்கியது.

கடன் சுமையைக் குறைக்க 1934-ல் மும்பை சென்று, அஜந்தா சினிடோன் நிறுவனத்தில் கதாசிரியராகச் சேர்ந்தார். ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய "மஸ்தூர்" திரைப்படம் தணிக்கையில் சிக்கியது. வணிக நோக்கில் இயங்கிய திரையுலகில் தமது எண்ணங்களுக்கு இடமில்லை எனக் கண்ட அவர், ஓராண்டு நிறைவடையும் முன்பே வாராணசி திரும்பினார்.

கடைசி ஆண்டு

1936 ஏப்ரலில் லக்னௌவில் நடைபெற்ற முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரேம்சந்த், பொழுதுபோக்கைத் தாண்டி மக்களைச் சிந்திக்கவும் செயல்படவும் வைப்பதே இலக்கியத்தின் பணி என வலியுறுத்தினார். அழகைக் காணும் அளவுகோலையே மாற்ற வேண்டும் என்பது அவரது வாதம். உழைத்துக் களைத்த ஏழையிடமும் அழகைக் காணும் பார்வை எழுத்தாளனுக்கு வேண்டும் என அவர் கருதினார்.

அதே ஆண்டில் வெளியான "கோதான்" அக்கருத்துக்குச் சான்றாக அமைந்தது. ஒரு பசுவைச் சொந்தமாக்கிக் கொள்ள ஆசைப்படும் ஹோரி என்ற விவசாயி, வட்டிக்கும் வரிக்கும் ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் இரையாகி மடிவதே அதன் கதை.

நெடுநாளாக வயிற்று நோயால் அவதிப்பட்ட பிரேம்சந்த், அவ்வாண்டின் நடுப்பகுதியில் படுக்கையில் வீழ்ந்தார். அந்நிலையிலும், பிணைத் தொகை கோரப்பட்டதால் நிற்க இருந்த "ஹன்ஸ்" இதழை, தாமே பணம் கட்டி மீட்டார். 1936 அக்டோபர் 8-ல் தமது 56-வது வயதில் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற "மங்கள்சூத்ரா" நாவலில் 4 அத்தியாயங்களே எழுதப்பட்டிருந்தன. உழவரையும் தாழ்த்தப்பட்டோரையும் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதியவர், அதில் ஓர் எழுத்தாளரை நாயகராக்கியிருந்தார். கொள்கையைக் காப்பதா, பிள்ளைகளுக்குச் சொத்தை மீட்டுத் தருவதா என்று தடுமாறுபவர் அந்த நாயகர். பிரேம்சந்த் தமது வாழ்க்கையில் பலமுறை விடை கண்ட அக்கேள்வி, நாவலில் முடிவு பெறாமலேயே நின்றுவிட்டது.